நரி வேலியில் தொங்கிய வறட்டி

ஒரு காட்டில், கோடை வந்தால் புல்லெல்லாம் கருகிவிடும், குளம் வற்றிவிடும், வெள்ளரிக்கொடி மட்டும் ஜம்மென்று காய்க்கும். அந்தக் காட்டில் செம்பி என்றொரு முயல் இருந்தது. அதற்கு மூன்று குட்டிகள், வாசலில் ஒரே ஒரு கொடி. மழை வரும்வரை அந்தக் கொடியில் காய்ப்பதுதான் நாலு வாய்க்கும் சாப்பாடு.

ஒரு நாள் காலையில் நரி வந்து நின்றது. பெரிய மனுஷத் தோரணையைப் பார்க்க வேண்டுமே!

"செம்பி, காயில கை வைக்காதே. இது என் கொடி."

"என்ன நரியண்ணே, வெயில் தலைக்கேறிடுச்சா? என் வாசல்ல படர்ந்த கொடி உங்களுக்கு எப்படிச் சொந்தமாகும்?"

"மாசி மாசம் யானை என் தோட்டத்து வேலியை மிதிச்சு உள்ளே வந்து வெள்ளரிப்பழத்தைத் தின்னுச்சு. நேரே இங்க வந்து லத்தி போட்டுச்சு. அதுல முளைச்ச கொடி இது. விதை என்னோடது, அதனால கொடியும் என்னோடது. இன்னைக்கு உன் வீடு, நாளைக்கு அணில் வீடு. ஒருத்தரையும் விட மாட்டேன்!"

செம்பிக்குப் பகீரென்றது. லத்தி சமாசாரம் உண்மைதானே! குட்டிகள் அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டன.

வழக்கு கரடியிடம் போனது; யானை, அணில் என்று எல்லா மிருகங்களும் கூடி நின்றன. கரடிதான் அந்தக் காட்டு நாட்டாமை. ஆனால் யார் பேச ஆரம்பித்தாலும் அதற்குத் தூக்கம் வந்துவிடும். நரி சொன்னதை அரைத்தூக்கத்தில் கேட்டுவிட்டு, "விதை யாரோடதோ, கொடி அவரோடது. அவ்வளவுதானே? எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று கொட்டாவி விட்டது.

செம்பிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்போதுதான் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. உள்ளுக்குள் பொங்கிய சிரிப்பை அடக்கி, மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டது.

"ஒப்புக்கறேன் நாட்டாமை. ஆனா அண்ணன் இதைத் தன் வாலைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணட்டும்."

"ஒண்ணு என்ன, மூணு சத்தியம் பண்றேன்!" என்றது நரி. 'விதை யாரோடதோ, கொடி அவரோடது' என்று மூன்று முறையும் கணீரென்று சொன்னது.

செம்பி வீட்டுக்கு ஓடி ஓர் உடைந்த வறட்டியைத் தூக்கி வந்தது. அது என்ன வறட்டி என்கிறீர்களா? விதையைப் பூச்சி அரிக்காமல் இருக்க, யானை லத்தியில் பதித்து, வறட்டி தட்டிச் சுவரில் ஒட்டி வைப்பது அந்தக் காட்டு வழக்கம். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் செம்பி ஒரு துண்டு உடைத்துக் கொடுத்துவிடும். கொடுத்துக் கொடுத்து, விதையில்லாத இந்த ஓரம்தான் மிஞ்சியது; தனக்கென்று ஒரு விதைகூட வைத்துக்கொள்ளவில்லை, அந்தப் பைத்தியக்கார முயல்!

"யானையக்கா, நரியண்ணன் வேலியில திருஷ்டிக்கு ஒண்ணு தொங்குதே, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்."

"ஐயையோ! அது எதுக்கு இப்போ?" என்று நரி பதறியது.

யானை நாலே எட்டில் போய் வந்துவிட்டது. தும்பிக்கையில் ஒரு காய்ந்த வறட்டித் துண்டு. செம்பி அதை வாங்கித் தன் வறட்டியின் உடைந்த ஓரத்தில் வைத்தது. இம்மி பிசகாமல் பொருந்தியது.

"கார்த்திகை மாசம், 'விதைக்க ஒண்ணுமே இல்லையே தங்கச்சி'ன்னு அழுதுக்கிட்டு வந்தீங்களே, அன்னைக்கு நான் கொடுத்த கடைசித் துண்டு இது; விதையை எடுத்து விதைச்சிட்டு, வறட்டியைத் திருஷ்டிக்குக் கட்டிட்டீங்க. இப்போ சொல்லுங்கண்ணே, விதை யாரோடதோ?"

"கொடி அவரோடது!" என்று சுற்றி நின்ற அத்தனை மிருகங்களும் கத்தின.

கரடிக்குத் தூக்கம் போயே போய்விட்டது. "அப்போ நரித் தோட்டம் முழுக்க முயலுக்கு!" என்றது.

"நான் எதைத் தின்பேன்? என் பொழைப்பே போச்சே!" என்று நரி மண்ணில் புரண்டு அழுதது.

அதைப் பார்க்கச் செம்பிக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"அந்தச் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க நாட்டாமை. எனக்கு விதை கொடுத்தது மயில். அது வந்து கேட்டா நானும் குட்டிகளோட நடுக்காட்டுலதான் நிக்கணும். அண்ணன் தோட்டம் அண்ணனுக்கே இருக்கட்டும். ஆனா வேலியைப் பிரிக்கணும். இந்த வருஷம் காட்டுக்கெல்லாம் விதை பதிச்சு வறட்டி தட்டற வேலையும் அவரோடதுதான்."

மறுநாள் முதல் நரி மூக்கைச் சுளித்துக்கொண்டு வறட்டி தட்டியது. யானை பக்கத்திலேயே நின்று, "இந்தாங்க நரியண்ணே, சூடா இருக்கு" என்று போட்டுக்கொண்டே இருந்தது.

வறட்டி காய்ந்ததும் முதலில் வந்தது செம்பியின் கடைக்குட்டி. "நரி மாமா, எங்க அம்மாவுக்கு ஒரு துண்டு."

நரி பெரிய துண்டாகவே உடைத்துக் கொடுத்தது.

நீதி: கேட்டு வாங்கிய விதைக்கு வேலி போடாதே, கேட்டு வருபவருக்குக் கொடு.