ஊமைக்கசத்துக் கப்பல்

விண்மீன்களுக்கு நடுவே வளைத்துறை என்றொரு துறைமுகம் இருந்தது. அதற்கு அப்பால், செத்துப்போன ஒரு சூரியனைச் சுற்றி, ஊமைக்கசம் இருந்தது. ஆற்றில் ஆளை விழுங்கும் ஆழத்தைக் கசம் என்பார்கள். வானத்திலும் அப்படி ஒன்று உண்டு என்று கண்டுகொண்ட முதல் தலைமுறை அதற்கு அந்தப் பெயரை வைத்தது. அங்கே தீ இல்லை, புயல் இல்லை, ஓசை இல்லை. கப்பலின் சுவரை ஊடுருவி வரும் ஒரு வெம்மை மட்டும் உண்டு. உள்ளே போனவர்கள் மூன்று மணி நேரம் நன்றாகத்தான் இருப்பார்கள். பிறகு இருக்கமாட்டார்கள்.

ஆனாலும் போனார்கள். கசத்தின் ஊடே போனால் பதினொரு நாள் பயணம் மிச்சம். நல்ல கப்பல் இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடும் என்பது கணக்கு. கணக்குத் தவறியவர்கள் யாரும் திரும்பி வந்து அதைச் சொன்னதில்லை.

துறைச்சபை எச்சரிக்கைப் பலகை வைத்தது. பலகையைப் படித்துவிட்டுப் போனார்கள். விளக்கு மிதவைகள் வைத்தது. அவற்றின் வெளிச்சத்தில் வழி பார்த்துக்கொண்டு போனார்கள். அறிவு சொல்லிக் கேளாதவர்கள் அச்சம் சொன்னால் கேட்பார்கள் என்று சபைக்குத் தோன்றியது. பழைய துறையின் கோடியில் இருந்த கதைச்சாலைக்கு ஆள் அனுப்பி, ஒரு பேய்க்கப்பல் வேண்டும் என்று கேட்டது.

கதைச்சாலையின் ஆசான் அங்கயற்கண்ணி. வயது முப்பத்தெட்டு. ஒன்பது ஆண்டு தண்டலாக, அதாவது கப்பலை நடத்துபவராக, இருந்தவர். ஒரு நாள் தம் கப்பலைச் சாலையின் பின்புறம் கட்டிப்போட்டுவிட்டுக் கதை சொல்ல உட்கார்ந்துவிட்டார். காரணத்தை அவர் சொல்லவில்லை. கேட்கும் துணிவு யாருக்கும் இல்லை.

அவருடைய சீடன் தொம்மைக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது ஆண்டு வயர்லெஸ் அறையில் உட்கார்ந்து பிறர் கதைகளைக் கேட்டவன். தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்ற ஆசை அவனுக்குப் பிந்தி வந்தது. அவன் அவரை ஆசான் என்பான். அவர் அவனை அண்ணாச்சி என்பார். இரண்டு மரியாதையிலும் பொய்யில்லை.

"அந்தக் கப்பலை நான் கட்டுகிறேன், ஆசான்."

"ஏன் நீங்கள்?"

"என் கடைசித் தங்கை அமலோற்பவம் அந்தப் பாதையில்தான் கப்பல் ஓட்டுகிறாள். தூக்கி வளர்த்தவன் சொல்கிறேன்; கேட்கிறவளாக இல்லை."

"கட்டுங்கள்."

தொம்மை கட்டினான். கப்பலுக்கு விண்ணரசி என்று பெயர் வைத்தான். நாற்பத்தொரு பிணங்கள் இருக்கைகளில் அமர்ந்திருந்தன. சுக்கான் தானாகத் திரும்பியது. எரிபொருள் தீர்ந்த பிறகும் விளக்குகள் எரிந்தன. துறைமுகத்துத் தேநீர்க்கடையில் உட்கார்ந்து, வயர்லெஸில் தன் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்து சொன்னான்.

அமலோற்பவம் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏண்ணே, உன் பேய்க்கு மூச்சுக்காத்து வேணுமா?"

"வேண்டாம்."

"தூக்கம்?"

"கிடையாது."

"அப்போ அந்த நாப்பத்தியொரு பேரையும் நம்ம கப்பல்ல சேத்துவிடேன். இப்ப இருக்கிறவனுவ மூணு வேளையும் தூங்குறானுவ."

கடையே சிரித்தது. அந்த வாரமும் அவள் கசத்தின் ஊடேதான் போனாள். இரண்டு மணி ஐம்பது நிமிடத்தில் வெளியே வந்தாள்.

தொம்மை ஆசானிடம் போனான்.

"யாரும் பயப்படவில்லையே, ஆசான்."

"கப்பலில் எத்தனை பேர்?"

"நாற்பத்தொரு பேர்."

"சமையல்காரர் பெயர் என்ன?"

அவனுக்குத் தெரியவில்லை.

"சுக்கான் பிடித்தவருக்கு எந்தக் கை பழக்கம்?"

"அவர்கள் எல்லாரும் பேய்கள், ஆசான்."

"அதற்கு முந்தைய நாள்?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"செத்தவர்களை மட்டும் படைத்திருக்கிறீர்கள், அண்ணாச்சி. வாழாதவர்கள் செத்தால் யாருக்கு என்ன?"

தொம்மை திரும்பிப் போய் முந்தைய நாளைக் கட்டத் தொடங்கினான்; கட்டியதைத் தேநீர்க்கடையில் சொன்னான். சமையல்காரர் இன்னாசி பாட்டின் இரண்டாம் அடியை எப்போதும் தப்பாகப் பாடுவார். சுக்கான்காரர் இடது கையர், அதை மறைப்பார். அவருடைய மகள் பிலோமிக்கு ஏழு வயது. கப்பலில் அவள் ஒருத்திதான் குழந்தை. அவள் படுத்திருந்த அறை கப்பலின் நடுவயிற்றில், தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. வெம்மை அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேரும். அவள் எழுந்து வந்தபோது எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வயர்லெஸின் பொத்தானை அழுத்தத் தெரியும்.

அதற்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. வேறொரு பிள்ளையைப் பேசச் சொல்ல மனம் வரவில்லை. தன் குரலையே இயந்திரத்தில் இட்டு, நூலாக மெலியும்வரை இழைத்தான். ஒரே ஒரு வாக்கியம்: "எல்லாரும் தூங்குறாங்க, யாராச்சும் வாங்களேன்." அதை ஒரு மிதவையில் ஏற்றிக் கசத்தின் வாயில் நிறுத்தினான். அந்தப் பக்கம் வரும் கப்பலுக்கு அது ஒரு தரம் கேட்கும். பிறகு கேட்காது.

முதலில் கேட்டவர் நாற்பது ஆண்டு அனுபவமுள்ள தண்டல். கப்பலைத் திருப்பிக்கொண்டு துறைக்கே வந்து, தேநீர்க்கடையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் இறங்கிவந்ததும் கோயிலுக்குப் போனார். இருபது நாள் ஒருவரும் கசத்தைக் கடக்கவில்லை. பிலோமி என்ற பெயரைத் துறையில் தாழ்ந்த குரலிலேயே சொன்னார்கள்.

இருபத்தொன்றாம் நாள் ஒரு மாலுமி, "ஒரு தரம் கேட்டது குரலா, காதுக் கோளாறா, எவன் கண்டான்?" என்றான். சிலர் ஆமாம் என்றார்கள்.

தொம்மைக்குப் பொறுக்கவில்லை. வயர்லெஸ்காரர்கள் எந்தச் செய்தியையும் மூன்று முறை சொல்வார்கள்; ஒன்று காற்றுக்கு, ஒன்று காதுக்கு, ஒன்று நிச்சயத்துக்கு. முப்பது ஆண்டுப் பழக்கம் கையில் இருந்தது. சாலையில் இருந்தபடியே மிதவையின் விசையைத் திருகி, குரலை மூன்று முறை கூப்பிட வைத்தான்.

அதைக் கேட்ட முதல் கப்பல் அமலோற்பவத்தினுடையது.

சாலையின் வயர்லெஸ் பெட்டி விழித்துக்கொண்டது. "துறைக்கு அமலோற்பவம். கசத்துக்குள்ளிருந்து கூப்பாடு. போறேன். உள்ளே நின்னு தேடணும், நேரமாகும். யாரும் பின்னால வராதீங்க."

தொம்மை பேசுகருவியைப் பற்றினான். "அமலி, திரும்பு. அது பேய்க்கப்பல்."

"பேய் ஒரு தரம்தாண்ணே கூப்பிடும். நமக்கு அதைச் சொல்லித்தானே வளத்தாங்க? மூணாந்தரம் கூப்பிட்டா உயிருள்ள ஆளு, கதவைத் திறன்னு. இது மூணு தரம் கூப்பிட்டுது. அந்தப் பிள்ளை சாகலை."

அது அவனுக்கும் சொல்லி வளர்த்ததுதான். வளைத்துறையில் அதை அறியாத பிள்ளை இல்லை. அறிந்தது அவன் கைக்கு மட்டும் எட்டாமல் போயிற்று.

"அமலி, கேள். அங்கே பிள்ளை இல்லை. நான் கட்டின கதை அது. அந்தக் குரல் என்னுடையது. சத்தியம்."

இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"போன மாசம் நிசம்னு சத்தியம் பண்ணினே. இப்ப பொய்ங்கிறதுக்கும் அதே சத்தியமா? என்னைத் திருப்பணும், அதானே உனக்கு? எதை வேணாலும் சொல்லுவே. வையிண்ணே."

தொம்மை ஓடிப்போய் மிதவையின் விசையை நிறுத்தினான். பெட்டி உடனே பேசியது.

"குரல் நின்னுட்டுது. பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டுது. வேகத்தைக் கூட்டுறேன்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆசான், நீங்கள் சொல்லுங்கள். பொய் என்று நீங்கள் சொன்னால் நம்புவாள்."

"நம்ப மாட்டாள். பிள்ளைக் குரலைக் கேட்டவளிடம் பிள்ளை இல்லை என்று யார் சொன்னாலும் செல்லாது," என்றார் ஆசான். "எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள்?"

"வேறு துறையிலிருந்து திரும்பி வருகிறாள். கசத்தின் விளிம்புக்கு இன்னும் ஒரு மணி நேரம்."

"இங்கிருந்து அரை மணி."

அவர் எழுந்து பின்புறம் போனார். ஆறு ஆண்டாக அசையாத கப்பலின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சுக்கானைக் கசத்தின் திசைக்கு நேராக வைத்துக் கட்டினார். எல்லா விளக்குகளையும் ஏற்றினார். இறங்கிவந்து கதவைச் சாத்தினார். கப்பல் ஆளில்லாமல் புறப்பட்டுப் போனது. அது சிறு புள்ளியாகும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து பேசுகருவியை எடுத்தார்.

"கூப்பாடு கேட்டது. தண்டல் அங்கயற்கண்ணி ஏற்றுக்கொண்டேன்."

ஒரு கூப்பாட்டை ஒரு தண்டல் தம் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டால் மற்றவர்கள் விலகிவிட வேண்டும். இரண்டு கப்பல்கள் ஒரே கசத்தில் இறங்கக் கூடாது. துறையின் வழக்கம் அது. பதிவேட்டில் இல்லாத பெயரைச் சொன்னால் அது செல்லாது.

"அக்கா? நீங்களா?" அமலோற்பவத்தின் குரல் தளர்ந்தது. "நீங்க கப்பல் ஓட்டுறதை விட்டு வருசம் ஆறாச்சே."

"என் விளக்குகள் தெரிகின்றனவா?"

"...தெரியுது."

"யார் முன்னால் இருக்கிறோம்?"

"நீங்கதான். அக்கா, வேண்டாம். உங்க கப்பல் பழசு. தாங்காது."

"விலகு, அமலோற்பவம்." பிறகு ஆசான் குரலை மாற்றினார். தொம்மை அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. "பிலோமி, கண்ணு. அக்கா வந்துவிட்டேன். பயப்படாதே."

கருவியைக் கீழே வைத்தார். துறைக்கு அந்தக் குரல் அதோடு முடிந்தது.

அமலோற்பவம் திரும்பி வந்தாள். அங்கயற்கண்ணியின் கப்பல் வரவில்லை. ஏழாம் நாள், இறந்த தண்டலுக்குச் செய்வதுபோல், துறையின் பெயர்ச்சுவரில் அவருடைய பலகையை முகம் உட்புறமாகத் திருப்பி வைத்தார்கள். அந்தப் பெயரை இனி யாரும் யாருக்கும் வைக்கமாட்டார்கள். கசத்தின் பக்கம் யாரும் போகவும் இல்லை. தூரத்தில் விளக்கு எரியும் ஒரு கப்பல் அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது என்றார்கள். அது யாரையும் கூப்பிடுவதில்லை என்று சொல்லும்போது கசத்தின் பக்கம் பார்க்கமாட்டார்கள்.

ஆசான் சாலையின் உள்ளறையில் இருந்தார். வெளியே வரவில்லை; துறைக்கு அவர் செத்தவர், வர இயலாது. தொம்மை கதவைத் தட்டாமல் நுழைந்து சோறு வைத்துவிட்டுப் போவான்.

எட்டாம் நாள் அமலோற்பவம் அவனிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நான் போயிருக்கணும்ணே."

அவன் வாயைத் திறந்தான்.  எதைச் சொன்னாலும் அவள் மறுபடி கப்பலைக் கசத்துக்குத் திருப்புவாள்.

"ஆனா நிம்மதி ஒண்ணு இருக்கு," என்றாள். "அக்கா போய்ச் சேந்தாங்க. பிள்ளை பேசுச்சு."

"என்ன பேசியது?"

"அக்கா சொன்னாங்கல்ல, பயப்படாதேன்னு. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்லை. அப்புறம் அந்தக் குரலு, 'சரிக்கா'ன்னுச்சு. அதைக் கேட்டுத்தான் நான் திரும்பினேன். இல்லைன்னா திரும்பியிருக்க மாட்டேன்."

தொம்மை மிதவையின் விசையைப் போய்ப் பார்த்தான். அவன் நிறுத்தியபடியே நின்றிருந்தது. பதிவைப் போட்டுக் கேட்டான். ஒரே வாக்கியம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அன்று சோற்றை வைத்துவிட்டு அவன் போகவில்லை.

"ஆசான், விசையை நிறுத்திய பிறகுதான் நீங்கள் பேசினீர்கள்."

"ஆமாம்."

"என் பதிவில் 'சரிக்கா' என்ற சொல் இல்லை."

"இல்லை."

"என்னிடம் ஒரே வாக்கியத்தைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். உங்களுக்கு மட்டும் எப்படிப் பதில் சொன்னாள்?"

அங்கயற்கண்ணி தட்டைத் தம் பக்கம் இழுத்தார். சோற்றை நடுவில் பிரித்து, ஒரு பாதியை ஓரமாக ஒதுக்கினார்.

"நாளை முதல் இரண்டு பேருக்குக் கொண்டுவாருங்கள், அண்ணாச்சி."