தவசியாண்டியைப் பார்த்துக்கொண்ட கதை

கொட்டாவிப்பட்டியில் ஒருவர் கொட்டாவி விட்டால் ஊரே விடும். புத்தியும் அப்படித்தான், ஒருவருக்கு வராத நாளில் ஒருவருக்குமே வராது. அந்த ஊரில் தவசியாண்டி என்று ஒரு பெரியவர். அவருக்கு மூக்கையன், ஒச்சப்பன், சடையன் என்று மூன்று பிள்ளைகள். மூன்றும் தங்கமான பிள்ளைகள். தங்கத்துக்கு எவ்வளவு மூளை உண்டோ, அவ்வளவு அவர்களுக்கும் உண்டு.

பெண்சாதி போய்ச் சேர்ந்த நாளிலிருந்து தவசியாண்டிக்கு ஒரே கவலை, கஞ்சிக் கவலை. கை நடுங்குகிறது, அடுப்படியில் நின்றால் தலை சுற்றுகிறது. நாளைக்கே படுத்துவிட்டால் வாயில் கஞ்சி ஊற்றப் போவது யார்? ஒரு ஓட்டு வீடு, ஒரு புளியமரம், ஒரு எருமை, இவ்வளவுதான் அவர் சொத்து. இதை வைத்துத்தான் கஞ்சிக்கு வழி பண்ணிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். அங்கே வக்கீல் கோதைநாயகி அம்மாள் பொறுமைக்குப் பேர்போனவர். அந்த வாரம் வரைக்கும்.

"பெரியவரே, கவலைய விடுங்க," என்றார் வக்கீலம்மா. "கடைசி வரைக்கும் உங்களைப் பார்த்துக்கிற பிள்ளைக்கு வீடுன்னு உயில் எழுதிடலாம். அப்புறம் கஞ்சி தானா வரும்." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "தம்பிகளா, அசையும் சொத்து எது, அசையாச் சொத்து எதுன்னு பிரிச்சுப் பார்த்துட்டு வெள்ளிக்கிழமை வாங்க. அதுவரைக்கும் அய்யாவை நல்லாப் பார்த்துக்கங்க."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் வேலையில் இறங்கிவிட்டார்கள். முதலில் புளியமரம். அண்ணாந்து பார்த்தார்கள். காற்றில் கிளை ஆடியது. "அசையும் சொத்து," என்று தீர்ப்புச் சொன்னான் மூத்தவன் மூக்கையன்.

அடுத்தது எருமை. அது குட்டைச் சேற்றில் படுத்திருந்தது. மூவரும் சேர்ந்து தள்ளினார்கள். எருமை அசை போட்டதே தவிர அசையவில்லை.

"அசையாச் சொத்து," என்றான் மூக்கையன்.

"வாலு ஆடுதேண்ணே?" என்றான் சடையன்.

மூக்கையன் தாடையைத் தடவி வெகுநேரம் யோசித்தான். "எருமை அசையாச் சொத்து. வாலு அசையும் சொத்து. ரெண்டையும் தனித்தனியாத்தான் எழுதணும். கடைக்குட்டிங்கிறதால வாலை நீ வெச்சுக்க."

"அப்ப ஈ ஓட்டுறதுக்கு எருமை என்னைத்தானே கூப்பிடும்?"

"பின்ன? சொத்துன்னா சும்மாவா?"

கடைசியாக, வீட்டை ஒட்டி நின்ற பின்சுவர். மூவரும் தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினார்கள். சுவர் அசைந்தது. அசைந்ததோடு நிற்காமல் பொலபொலவென்று கீழேயும் வந்துவிட்டது.

"என்னடா சத்தம்?" என்று உள்ளேயிருந்து கேட்டார் தவசியாண்டி.

"சொத்தைப் பிரிக்கிறோம்யா!"

சரி, பொறுப்பாகத்தான் இருக்கிறார்கள் என்று அவர் நிம்மதியாகப் புரண்டு படுத்தார். கண்ணைத் திறந்து பார்த்தால், கட்டிலைச் சுற்றி மூன்று பேரும் குத்தவைத்து அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா பார்க்கிறீங்க?"

"உங்களைத்தான்யா. கடைசி வரைக்கும் பார்க்கிறவனுக்குத்தானே வீடு?"

அவர் எழுந்தால் பார்த்தார்கள். உட்கார்ந்தால் பார்த்தார்கள். கொல்லைக்குப் போனால் சொம்போடு கூடவே வந்து பார்த்தார்கள். பொழுது சாய்ந்தது. தவசியாண்டிக்கு வயிறு கபகபவென்றது.

"யாராவது போய்க் கொஞ்சம் கஞ்சி காய்ச்சுங்கடா."

"நல்லா இருக்கே!" என்றான் ஒச்சப்பன். "அடுப்பைப் பார்த்தா உங்களை யாருய்யா பார்க்கிறது?"

"ஒச்சப்பன் பேச்சுக் குடுத்தே ஏமாத்துறாண்ணே," என்று மூத்தவனிடம் சொன்னான் சடையன். "இப்பக்கூட கண்ணைச் சிமிட்டிட்டான். வீட்டுல இவனுக்குப் பங்கு போச்சு."

"சிமிட்டுனா என்ன?" என்றான் ஒச்சப்பன். "உள்ளுக்குள்ள பார்த்துக்கிட்டுத்தாண்டா இருந்தேன்."

தவசியாண்டி பெருமூச்சு விட்டார். நடுங்குகிற கையோடு தானே அடுப்பை மூட்டி, தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். பெற்ற மனசு கேட்குமா? பட்டினியாகப் பார்த்துக்கொண்டிருந்த மூவருக்கும் வாயில் ஊட்டியும் விட்டார். கண்ணை எடுக்காமல் குடித்ததில் பாதி மூக்கில் போனது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இதே கூத்துதான்.

வெள்ளிக்கிழமை அவர்களைப் பார்த்ததும் வக்கீலம்மா பதறிப்போனார். "என்ன தம்பிகளா, மூணு பேருக்கும் கண்ணு கோவைப்பழமா இருக்கு?"

"அய்யாவை ராப்பகலாப் பார்த்துக்கிட்டதுலம்மா," என்றார்கள்.

"ரொம்ப சந்தோஷம். சமையல் யாரு?"

"அய்யா."

"உங்களுக்கு?"

"அய்யாதான் ஊட்டிவிட்டாரு. பாவம், எங்களை நல்லாப் பார்த்துக்கிட்டாரு."

வக்கீலம்மாவின் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. "அப்ப வீட்டை உங்க அய்யா பேருக்கே உயில் எழுதிட வேண்டியதுதான்!"

தவசியாண்டியின் கண் கலங்கிவிட்டது. இத்தனை வயசில் அவர் பேருக்கு யாருமே எதையும் எழுதி வைத்ததில்லை.

"தாயி, நீங்க நல்லா இருக்கணும். வீடு எனக்கு எப்பத் தாயி வரும்?"

வக்கீலம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உயில்னா நீங்க போன பிறகுதான் பெரியவரே வரும்."

"அவ்வளவுதானே?" தவசியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இந்தா, போயிட்டு வந்துர்றேன்."

போயேவிட்டார். மூக்கையன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். தெருமுனை டீக்கடைப் பக்கம் திரும்பியதும் அவர் தலை மறைந்தது.

"தம்பிகளா," என்றான் தழுதழுத்து. "அய்யா போயிட்டாரு."

"எங்களை விட்டுப் போயிட்டீங்களே!" என்று ஒச்சப்பன் மாரில் அடித்துக்கொண்டான்.

"கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தோம்," என்று தேம்பினான் சடையன். "அந்தத் திருப்பம் வரைக்கும் பார்த்தோமே!"

எதிரிலேயே சலூன் இருந்தது வசதியாகப் போயிற்று.

தவசியாண்டி ஒரு டீயும் ரெண்டு வடையும் முடித்துத் திரும்பி வந்தால், மூன்று மொட்டைகள் பளபளவென்று நின்றன.

"ஏண்டா மொட்டை? யாருடா போனது?"

"நீங்கதான்யா."

"ஆமால்ல," என்றார் தவசியாண்டி. "சரி, வாங்க, என் வீட்டுக்குப் போவோம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் வழக்கம்போல அடுப்பங்கரைப் பக்கம் போனார். பிள்ளைகள் விடவில்லை. "போனவங்க எங்காவது சமைப்பாங்களாய்யா? நாங்க படையல் போடணும்."

என்ன அதிசயம் பாருங்கள்! இருந்தவருக்கு ஒரு வாய் கஞ்சி காய்ச்சாத பிள்ளைகள், போனவருக்கு என்னென்ன பிடிக்கும் என்பதை ஒன்றுவிடாமல் நினைவு வைத்திருந்தார்கள். கோழிக் குழம்பு கொதித்தது. கருவாடு பொரிந்தது. பணியாரம் குண்டுகுண்டாய் வெந்தது. தலைவாழை இலையில் எல்லாம் பரப்பியதும் தவசியாண்டிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இலைமுன் சம்மணம் போட்டுக் கையை நீட்டினார்.

மூக்கையன் இலையைச் சட்டென்று தூக்கிவிட்டான். "பொறுங்கய்யா. காக்கா தின்னாத்தானே நீங்க தின்ன மாதிரி?"

கொண்டுபோய்க் கூரைமேல் வைத்துவிட்டார்கள். மூன்று மொட்டைகளும் வாசலில் வரிசையாக நின்று, "கா... கா..." என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். ஒரு காக்கையும் வரவில்லை.

தவசியாண்டி யோசித்துப் பார்த்தார். பிள்ளைகள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வயிறு கேட்க வேண்டுமே! மெல்லப் பின்பக்கம் போனார். சரிந்த சுவர் படிக்கட்டு மாதிரி குவிந்து கிடந்தது. அதில் கால் வைத்து ஏறி, ஓட்டைப் பிடித்துத் தவழ்ந்து, இலைப் பக்கத்தில் போய்க் குந்தினார். நடைமுறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? கழுத்தைச் சாய்த்து, "கா," என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, கோழித்துண்டை வாயில் போட்டார்.

கீழே மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"வந்துருச்சுண்ணே!" என்று கண்ணைத் துடைத்தான் சடையன். "அந்தக் காக்கா மூஞ்சியப் பாருங்க. அப்படியே நம்ம அய்யா சாடை!"