குளத்தைப் புல்வெளி என்ற கொண்டலாத்தி

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு கொண்டலாத்திப் பறவை பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. முயல், அணில், முள்ளம்பன்றி என்று பதினொரு குட்டிகள் அங்கே படித்தன. தன்னைப் போலப் பாடம் நடத்த அந்தக் காட்டில் ஆளில்லை என்பது கொண்டலாத்தியின் எண்ணம். தலைக்கொண்டையை நன்றாக விரித்துக்கொண்ட பிறகுதான் வாயையே திறக்கும்.

ஒருநாள் அது உருவகம் நடத்தியது.

"குளம் புல்வெளி போல இருக்கிறது என்று சொன்னால் அது உவமை. அந்தப் 'போல'வை எடுத்துவிடுங்கள். குளம் ஒரு பச்சைப் புல்வெளி. இதுதான் உருவகம். எங்கே, எல்லாரும் சொல்லுங்கள்."

"குளம் ஒரு பச்சைப் புல்வெளி" என்று குட்டிகள் கத்தின.

அப்போது குளம் அப்படித்தான் இருந்தது. ஆகாயத்தாமரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அடைத்துக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படவில்லை.

துள்ளான் என்ற முயல்குட்டி முன்காலைத் தூக்கியது. "டீச்சர், நிஜமாகவே புல்வெளியா?"

"பாடத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன். பத்துத் தடவை எழுது, தானாகப் புரியும்" என்றது கொண்டலாத்தி.

துள்ளான் ஈர மண்ணில் பத்துத் தடவை எழுதியது. எழுத எழுதப் பசி எடுத்தது. பள்ளி விட்டதும் நேரே ஓடிப்போய் அந்தப் புல்வெளியில் குதித்தது.

இலைகள் விலகின. துள்ளானைக் காணோம்.

நல்ல காலம், பக்கத்திலேயே ஓர் எருமை சேற்றில் படுத்திருந்தது. இலைகளுக்கு நடுவே இரண்டு காதுகள் முங்கி முங்கி எழுவதை அது பார்த்தது. எழுந்து போய்த் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, குட்டியைக் கொம்பில் ஏந்திக் கரையில் கொண்டுவந்து போட்டது.

கொண்டலாத்தி பறந்து வந்து பார்த்தபோது துள்ளான் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், புல்லுக்கு அடியில் தண்ணீர் இருந்தது" என்றது.

கொண்டலாத்தியின் கொண்டை மடங்கிவிட்டது.

சாயங்காலம் தாய்முயல் வந்தது.

"டீச்சரம்மா, பிள்ளையிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?"

"பொய் இல்லையம்மா, உருவகம்."

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா?"

கொண்டலாத்தி இறகைக் கோதத் தொடங்கியது.

"இனிமேல் இருப்பதை இருக்கிறபடியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு குட்டியும் இங்கே வராது" என்று சொல்லிவிட்டுத் தாய்முயல் போய்விட்டது.

மறுநாளிலிருந்து கொண்டலாத்தி அப்படியே நடத்தியது. "குளம் என்பது தண்ணீர் தேங்கிய பள்ளம். ஆழம் அதிகம். கிட்டே போகக் கூடாது." குட்டிகள் கொட்டாவி விட்டன. முள்ளம்பன்றிக் குட்டி உட்கார்ந்தபடியே தூங்கியது.

ஐந்தாம் நாள் இடைவேளையில் ஆகாயத்தாமரை ஊதாப் பூ பூத்திருந்தது. அணில்குட்டி அதைப் பறிக்கப் போய் ஒரு காலை இலைமேல் வைத்தது.

"போகாதே, ஆழம் அதிகம்" என்று கொண்டலாத்தி பதறியது.

"தெரியும் டீச்சர், தினமும் சொல்கிறீர்களே" என்ற அணில்குட்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த காலையும் தூக்கியது.

துள்ளான் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அது தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. அங்கிருந்தபடியே சொன்னது: "டேய், குளம் ஒரு வாய். நீ அதன் உதட்டில் நிற்கிறாய்."

அணில்குட்டி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. ஒரே ஓட்டமாக மரத்தில் ஏறி உச்சிக்கிளைக்குப் போய்விட்டது.

கொண்டலாத்தி துள்ளானுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதுவரை எந்தக் குட்டியிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டது.

"குளமும் வாயும் எதில் ஒன்று?"

"இரண்டும் விழுங்கும் டீச்சர்."

"எதில் வேறு?"

துள்ளான் யோசித்தது. "வாய்க்குப் பல் இருக்கும். குளத்துக்குப் பல் கிடையாது. அதனால்தான் நான் முழுசாக வெளியே வந்தேன்."

மறுநாள் கொண்டலாத்தி தாய்முயலை அழைத்து வகுப்பின் கடைசியில் உட்காரவைத்தது. அன்று ஒவ்வொரு குட்டியும் ஓர் உருவகம் சொன்னது. ஒவ்வொன்றிடமும் அந்த இரண்டு கேள்விகளும் கேட்கப்பட்டன. தாய்முயல் எல்லாவற்றையும் கேட்டது. "சரி, நடத்துங்கள்" என்று சொல்லிவிட்டு மேயப் போனது.

ஒன்றை இன்னொன்றாகச் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது. அது எந்த இடத்தில் இன்னொன்று இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.