முதல் மூட்டைக்கு மாலை

கடல் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இருந்த காலத்தில், நுரைப்பட்டினம் என்கிற துறைமுக ஊரை இளங்குமணன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் அவர் போடுகிற சட்டம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் செத்துப்போகும்.

ஒருநாள் உப்பளத்து வரப்பில் நடந்தவர், வழுக்கிப் பாத்திக்குள் காலை விட்டுவிட்டார். குதிகாலிலோ பித்தவெடிப்பு. உப்புத்தண்ணீர் பட்டதும் கிரீடம் ஒரு பக்கம், ராஜா ஒரு பக்கம் என்று துள்ளினார்.

முத்து வியாபாரத்தைக் கவனித்துவந்த அமைச்சர் திருமலைக்கொழுந்து இதற்காகத்தானே காத்திருந்தார்! அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தோணி கிளம்பினாலும் முதலில் ஏறுவது மாலை போட்ட உப்பு மூட்டை. முத்துப்பெட்டி கடைசியில்தான். அந்த மாலையைப் பார்க்கும்போதெல்லாம் கொழுந்துக்கு வயிறு எரியும்.

"அரசே, ஒரு கைப்பிடி முத்து கொண்டுவருகிற பொன்னை ஒரு மலை உப்பு கொண்டுவருமா? அளத்தை மூடுங்கள். இனி முத்து மட்டும் ஏறட்டும்."

"மூடு!" என்றார் ராஜா, காலை ஊதிக்கொண்டே.

நானூறு வீட்டு அடுப்பு அணையப்போகிறது. அளத்துத் தலைவி உலகம்மை ராஜாவின் முன்னால் வந்து நின்றாள். அழுதால் ராஜாவுக்குக் கோபம் வரும், சண்டை போட்டால் கொழுந்துக்குச் சந்தோஷம் வரும். அதனால் சிரித்தாள்.

"சரிதான் மகாராஜா. முத்து எங்க, உப்பு எங்க! எனக்கு ஒரே ஒரு ஆசை. முத்து மட்டும் ஏறுற முதல் தோணியில, மாலையைப் போட்டுக்கிட்டு அமைச்சரய்யாவே உட்காரணும். நாங்க கண் குளிரப் பார்க்கணும்."

கொழுந்துக்குக் கசக்குமா? மறுநாள் கழுத்தில் சம்பங்கி மாலை, மடியில் முத்துப்பெட்டி என்று தோணியில் ஏறி உட்கார்ந்தார். அடியில் ஒரு மூட்டைகூட இல்லை. உலகம்மை தோணியோட்டியிடம், "கரையை விட்டுத் தூரம் போயிராத, அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

பாய் விரிந்தது. காற்று ஒரு தட்டுத் தட்டியது. தோணி காலிக் குடம் மாதிரி இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. மாலை போய்க் காதில் மாட்டியது.

"கொழுந்து, என்னய்யா கூத்து இது?" கரையிலிருந்து ராஜா கத்தினார்.

"கவிழப்போகுது அரசே! அடியில பாரம் இல்லாம நிக்காதுன்னு இந்தப் பாவி இப்பத்தான் சொல்றான்!"

"என்ன பாரம் வேணுமாம்?"

"உப்பு! ஐயோ... உப்பைக் கொண்டாங்க! பத்து மூட்டை... இல்ல, இருபது!"

கரையே சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் உலகம்மை, கல்லை ஏற்றினால் நிற்காதா?"

"நிக்கும் மகாராஜா. ஆனா போற ஊர்ல கல்லை யாரு வாங்குவா? உப்பை இறக்கிட்டுத்தான் நெல்லு ஏத்திட்டு வாறோம். காலையில நீங்க சாப்பிட்ட சோறு அப்படி வந்ததுதான். முத்து வாங்க வர்ற வியாபாரிகளும் அந்த நெல்லு மூட்டை மேல உட்கார்ந்துதான் வாறாங்க."

அதற்குள் தோணி கரைக்குத் திரும்ப, கொழுந்து தள்ளாடி இறங்கினார். ராஜா தாடியைத் தடவினார்.

"அளம் திறந்தே இருக்கட்டும். இது மத்தியானத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்கிற சட்டம்! இனி எந்தத் தோணியில் எதை எவ்வளவு ஏற்றலாம் என்று உலகம்மை சொல்லட்டும். கொழுந்து, ஒரு மாதத்துக்கு முதல் மூட்டையைச் சுமக்கிறது நீர்."

"மாலை, அரசே?"

"மூட்டைக்கு."

கொழுந்து மாலையைக் கழற்றி மூட்டைக்குப் போட்டு, அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு தோணிப் பக்கம் போனார். கூட்டம் கலைந்தது. ராஜா மெல்லக் கிட்டே வந்தார்.

"உலகம்மை, குதிகாலுக்கு ஏதாவது மருந்து உண்டா?"

"உண்டு மகாராஜா. செருப்பு."

ராஜா வரப்பைப் பார்த்தார், தன் வெறுங்காலைப் பார்த்தார், சுற்றுப்பாதையில் நொண்டி நொண்டிப் போனார். உலகம்மை உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்தியைப் பார்க்க நடந்தாள்.