ஒதுக்கிய வழியில் வந்த அழைப்பு

மண் சரிந்து மலைப்பாதையும் கேபிளும் அறுந்துபோன பிறகு, குயில்மட்டம் என்ற தேயிலை ஊருக்கு மிஞ்சியது மருத்துவமனை மாடியில் இருந்த ஒரே ஒரு சாட்டிலைட் இணைப்பு. அதை யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு ஜெஸிந்தாவுடையது.

அன்று பகல், கால் நசுங்கிய வேணியை டாக்டர் கதிரவேல் அறுவை மேசையில் கிடத்தியிருந்தார். அறுந்த ரத்தக்குழாயை எப்படித் தைப்பதென்று கோவையிலிருந்து ஒரு நிபுணர் வீடியோவில் பார்த்துச் சொல்லவேண்டும். வேணிக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது, கண்விழித்தே கிடந்தாள்.

"நடுவுல படம் நின்னுடக் கூடாதும்மா" என்றார் டாக்டர்.

"நிக்காது சார். மொத்த லைனும் உங்களுக்குத்தான்."

வாக்குக் கொடுத்துவிட்டு, ஜெஸிந்தா அடுத்த அறையில் மற்ற எல்லாருடைய இணைப்பையும் நிறுத்தினாள். சற்று நேரத்தில் அவள் திரையில் ஒரு செல்போன் இணைப்புக்கு வழி கேட்டு நின்றது. பெயர்: இன்னாசி. மலையுச்சிக் கொட்டகையில் சிக்னல் கருவியைச் சரிசெய்யப் போன, அவளுடன் வேலை பார்த்தவன். மண்ணோடு போய்விட்டான் என்று ஊர் அழுது ஓய்ந்திருந்தது.

குரலுக்கு வேண்டியது மெல்லிய வழிதான். ஆனால் லைன் விளிம்புவரை நிரம்பியிருந்தது. படத்தின் பங்கிலிருந்து கொஞ்சம் கிள்ளித் திறந்துவிட்டாள். அவளுடைய செல்போன் அடித்தது.

"இன்னாசி அண்ணே! எங்க இருக்கீங்க?"

பேச்சில்லை. ஒரு மூச்சு மட்டும், ஈரமாக, காதுக்கு மிக அருகில். பிறகு அதுவும் நின்றது.

பக்கத்து அறையில் டாக்டர் கத்தினார். படம் உறைந்திருந்தது. அது திரும்புவதற்குள் தையல் பிசகிவிட்டது. வேணியின் காலை எடுக்கவேண்டியதாயிற்று.

மீட்புப் படையினர் கொட்டகைக்கு ஏறிப்போனார்கள். இன்னாசி அங்கே கிடந்தான். சரிவு நடந்த அன்றே உயிர் போயிருக்கிறது என்றார்கள். சட்டைப்பையில் இருந்த செல்போனுக்குள் சேறு நிறைந்திருந்தது.

"வாக்குக் கொடுத்துட்டு, செத்தவனுக்காக வேணியோட காலைப் பறிச்சிட்டியேம்மா" என்றார் டாக்டர்.

"உசுரோட இருந்து கூப்பிட்டிருந்தா? நீ போன எடுத்தது தப்பில்ல தாயி" என்றாள் இன்னாசியின் மனைவி லூர்து.

வேணி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் முழிச்சுத்தானே கெடந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கதை கேட்டவர்களே, இம்மூவரில் யார் சொன்னது சரி?

விடை: வேணி சொன்னதே சரி. அழைப்பது உயிரா இல்லையா என்று தெரியாத நேரத்தில் வழி திறந்ததைக் குற்றம் என்று டாக்டர் சொல்ல முடியாது. அழைப்பை எடுத்ததில் தப்பே இல்லை என்று லூர்துவும் சொல்ல முடியாது. அந்த வழி வேணியின் காலுக்காக ஒதுக்கியது. அதில் துளி எடுப்பதானாலும் சம்மதிக்கவேண்டியவள் அவள். சொல்லியிருந்தால் டாக்டரும் ஊசியை நிறுத்திக் காத்திருப்பார். கேட்டிருந்தால் வேணி சரியென்றிருப்பாளா? அதை அவளிடம் கேட்கும் துணிவு ஜெஸிந்தாவுக்கு இன்றுவரை வரவில்லை.