தலைச்சன் பிள்ளைகளெல்லாம் இடது பக்கம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொள்ளுக்காடு என்றொரு நாடு இருந்தது. அதன் ராஜா பலமாகத் தும்மினால் பக்கத்து நாட்டுக்காரன் "ஆயுசு நூறு" என்பான். நாட்டின் அகலம் அவ்வளவுதான். ராஜாவின் பெயர் மட்டும் அண்டபூபதி மகாராஜா.

ஒருநாள் ஆலோசகர் கோப்பெருநம்பி ஓலையும் கையுமாக ஓடிவந்தார்.

"ஆபத்து மகாராஜா! முப்பது வருஷத்துக்கு முன்னால் கூடை முடைகிறவர்கள் பதினோரு பேர் பிழைக்க வந்தார்கள். இன்று அறுபத்து நாலு! வருமானமும் மூன்று மடங்கு! நம்மவர்களோ தலைக்கணக்கிலும் தேய்கிறார்கள், வருமானத்திலும் தேய்கிறார்கள். இப்படியே போனால் நாடு முழுக்கக் கூடைதான்!"

"கூடைக்குள் நானா?" என்று அலறிய ராஜா அந்த நிமிஷமே ஆணை போட்டார். இந்த மண்ணில் பிறந்தவரே இந்நாட்டவர். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வெளியேற வேண்டும்.

கூடைக்காரர் தெருவில் வெள்ளச்சி என்று ஒரு மருத்துவச்சி. அவள் பிறந்தது வேறு ஊர். அவள் போய்விட்டால் நிறைமாத மகளுக்குப் பிரசவம் பார்க்க ஆள் கிடையாது. நேரே அரண்மனைக்குப் போனாள்.

"ராசா, யார் எங்க பொறந்தாங்கன்னு எனக்குத்தான் தெரியும். பிரிச்சு நிறுத்துற வேலைய எனக்குக் குடுங்க."

"உன் ஆட்களை நீயே காட்டிக்கொடுப்பாயா?" என்று நம்பி இளித்தார்.

"ஆணைன்னா ஆணைதானே சாமி."

வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் நாடே நின்றது. வெளியேற வேண்டியவர்கள் இடது பக்கம், இருக்க வேண்டியவர்கள் வலது பக்கம் என்று ஏற்பாடு.

"வாக்கப்பட்டு வந்தவங்கல்லாம் இடது பக்கம்!" என்றாள் வெள்ளச்சி. மகாராணி குடையை மடக்கிக்கொண்டு நடந்தாள்.

"தலைச்சன் பிள்ளைங்கல்லாம் இடது பக்கம்!"

நம்பி அசையவில்லை.

"சாமி, நீங்க தலைச்சன்தானே?"

"ஆமாம்! வீட்டுக்கு மூத்த வாரிசு!"

"வழக்கப்படி வளைகாப்புப் போட்டு உங்கம்மாவ எல்லைக்கு அந்தப் பக்கம் பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நீங்க பொறந்தது அங்க. நடங்க."

உப்பரிகையில் இருந்த ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். வெள்ளச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களும் இறங்கணும் ராசா."

"நானா!"

"தலைச்சன்தானே? அதனாலதானே கிரீடம் உங்க தம்பி தலையில இல்லாம உங்க தலையில இருக்கு?"

தம்பி இளவரசர் வலது பக்கம் நின்று மீசையை நீவிக்கொண்டார். அவரைச் சுற்றிப் பாதிக்கு மேல் கூடைக்காரர் பிள்ளைகள்.

"இவர்கள் வீட்டுத் தலைச்சன் மட்டும் எப்படி அங்கே?" என்றார் ராஜா.

"போக்கிடம் இல்லாம வந்தவ, பிள்ளை பெத்துக்க எந்தத் தாய் வீட்டுக்குப் போவா ராசா? எல்லாத்தையும் இங்கயேதான் பெத்தா."

ராஜா தம்பியின் மீசையை இன்னொரு தரம் பார்த்தார். ஆணை ஓலையைக் கிழித்தார்.

"யார் வீட்டு உலை இங்கே கொதிக்கிறதோ அவர்களெல்லாம் நம் ஜனம். இனி தலை எண்ணும் அதிகாரி வெள்ளச்சி!"

வெள்ளச்சி வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினாள்.

"எல்லாரும் நம்ம சனந்தான் ராசா. ஒருத்தரத் தவிர. நம்பி சாமி வீட்டுல அடுப்பே இல்ல. மூணு வேளையும் அரமனைச் சாப்பாடு."

"அப்படியா வெளியூர்க்காரரே? நாளைப் பொழுது சாய்வதற்குள் உம் வீட்டு உலை கொதிக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே!" என்றார் ராஜா.

மறுநாள் விடிந்ததும் நம்பி வீட்டு வாசலில் ஒரே கூட்டம். உள்ளே அவர் ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண்ணும் மூக்கும் ஒழுக ஊதிக்கொண்டிருந்தார். வெள்ளச்சி பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொதி வரலியே சாமி. நல்லா ஊதுங்க, பொழுது சாய நேரமிருக்கு."