நண்டுக்குக் கட்டிய நூல்

ம் கொட்ட ஆள் இருந்தால் கதை நடக்கும், இல்லாவிட்டால் அங்கேயே படுத்துக்கொள்ளும். அதனால் கொட்டுங்கள். கடலுக்குக் கொஞ்சம் மேற்கே, பனங்காட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே ஒரு பட்டறை இருந்தது.

இரும்பு அடிக்கிற பட்டறை இல்லை. டாக்டர்கள் வந்து மருத்துவக் கருவி செய்யக் கற்றுக்கொள்கிற பட்டறை.

கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. கற்றுக்கொள்ள வந்தவள் ஆவுடையம்மாள், பாதித் தலை நரைத்த பிரசவ டாக்டர். குருவைவிடச் சிஷ்யைக்கு வயது அதிகம். அவள் இவளை "டீச்சர்" என்பாள், இவள் அவளை "டாக்டரம்மா" என்பாள். பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

பட்டறையில் ஒரே ஒரு கட்டுப்பாடு. ஜெசிந்தா "சரி" என்று சொல்லாத எதுவும் ஒரு பெண்ணின் உடம்புக்குள் போகாது.

"இதுல என்ன குறை, சொல்லுங்க டீச்சர்," என்றாள் ஆவுடையம்மாள். "குறை இல்லைன்னா சரின்னு சொல்லுங்க. வெளியே சொர்ணம் உக்காந்திருக்கா."

சொர்ணம் பீடி சுற்றுகிறவள். ஏதோ ஒரு ஊர் முகாமில் கரு தங்காமல் இருக்க அவளுக்குக் காப்பர்-டி வைத்தார்கள். அது எப்போது நழுவி விழுந்தது என்றே அவளுக்குத் தெரியாது. கரு தங்கிவிட்டது. பிரசவத்தில் பிள்ளை போயிற்று. தாய் போகாததே பெரிது.

உடம்பு தேறுவதற்குள் இன்னொரு கரு தங்கினால் தாங்க மாட்டாள். தேறியபிறகு அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டும். அதனால் ஆபரேஷன் கிடையாது. மாத்திரை போட்டால் வாந்தி.

"உங்க வீட்டுக்காரர் ஆணுறை போட்டுக்கிடலாமே?" என்று ஆவுடையம்மாள் கேட்டுப் பார்த்தாள்.

"அவரு கோயிலுக்குப் போனா அடுத்தவன் செருப்பை மாட்டிக்கிட்டு வாரவரு. அவரை நம்பியா என் உசுரை வைக்கச் சொல்லுதீக?"

அவளுக்காகத்தான் ஆவுடையம்மாள் புதிதாக ஒன்றைச் செய்தாள். பட்டறையில் அதற்கு நண்டு என்று பேர்.

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிக் கால்கள். கருப்பைக்குள் போனால் சுவரைப் பிடித்துக்கொள்ளும், நழுவாது. அடியில் ஒரு நூல். அது கருப்பை வாய் வழியாகக் கீழே தொங்கும். வேண்டாம் என்கிறபோது நூலைப் பிடித்து இழுத்து எடுத்துவிடலாம்.

ஜெசிந்தா அந்த நூலை நகத்தால் நிமிண்டினாள்.

"எத்தனை இழை?"

"எண்ணல. தலைமுடி மாதிரி நிறைய இழை. சேத்து முறுக்கி, மேல ஒரு உறை. வழவழன்னு இருக்கும், எங்கேயும் உறுத்தாது."

"ஒத்தை இழை ஏன் போடல?"

"அறுந்துருது டீச்சர். நண்டு பிடிச்சா லேசுல விடுமா? எடுக்கணும்னு இழுத்தா ஒத்தை இழை பட்டுன்னு போயிருது. இந்த நூல்ல தண்ணிக்குடத்தையே தொங்கவிட்டுப் பாத்துட்டேன்."

"குடம் நின்னுதா?"

"ஜம்முன்னு நின்னுது."

"நூல் நனைஞ்சுதா?"

"குடம் கீழே தொங்குது. நூல் எதுக்கு நனையும்?"

ஜெசிந்தா எழுந்தாள். ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். நீல மையைக் கலந்தாள். நூலின் கீழ்முனையை மைத்தண்ணீரில் விட்டாள். மேல்முனையை ஒரு வெள்ளைத் துணியில் செருகி, துணியைத் தம்ளருக்கு மேலே கம்பியில் கட்டினாள்.

"வீட்டுல சாளை மீன் குழம்பு," என்றாள். "சாப்பிட்டுட்டு வாரேன்."

ஆவுடையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உறையைத் தடவினாள். வெளியே ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அப்புறம் துணியில் கடுகளவு நீலம் தெரிந்தது.

அப்புறம் மிளகளவு.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது துணியில் ஒரு பூ விரிந்திருந்தது.

"ஏறிட்டுது," என்றாள் ஆவுடையம்மாள்.

"யாரு ஏத்திவிட்டா?"

"யாரும் ஏத்தல."

அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கருப்பை வாய்க்குக் கீழே எப்போதும் கிருமி உண்டு. மேலே அதற்கு இடமில்லை. நடுவில் பசைபோன்ற சளி வழியை அடைத்து நிற்கிறது. அந்த அடைப்புக்கு நடுவே அவள் ஓர் ஏணியைச் செருகி வைத்திருக்கிறாள்.

கிருமி ஏறினால் இடுப்புக்குள் சீழ் பிடிக்கும். கருக்குழாய் அடைத்துப்போகும். சொர்ணம் பிழைத்துக்கிடந்தாலும் அவள் கேட்ட பிள்ளை இல்லை.

"நான் விட மாட்டேன் டீச்சர்," என்றாள் ஆவுடையம்மாள்.

"விடச் சொன்னேனா?"

ஆவுடையம்மாள் வாசலைத் தாண்டிப் போகும்போது சொர்ணம் வேப்பமரத்தடியில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் உக்காரு தாயீ."

"நான் உக்காந்துதான் இருக்கேன். நீங்கதான் நடந்தே செருப்பைத் தேய்க்கீக."

ஆவுடையம்மாள் ஊசியைப் பழுக்கக் காய்ச்சினாள். நூலின் கீழ்முனையை உருக்கி, இழைகளும் உறையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்படி ஒரு குமிழாக அடைத்தாள். தம்ளரில் விட்டாள். துணியை மாற்றினாள்.

வெயில் சன்னல் மாறி விழுந்தது. துணி வெளுப்பாகவே இருந்தது.

துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் போனாள்.

"இப்போ?"

ஜெசிந்தா துணியைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து கண்ணாடிக் கருப்பையை எடுத்து வைத்தாள். மருத்துவ மாணவிகள் கை பழகுவதற்காகச் செய்தது.

"வச்சுக் காட்டுங்க டாக்டரம்மா. சொர்ணத்துக்கு வைக்கிற மாதிரி."

"அவ்வளவுதானே?"

ஆவுடையம்மாள் கையுறை மாட்டினாள். உள்ளே செலுத்துகிற குழலுக்குள் நண்டை ஏற்றினாள். கண்ணாடியாக இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மூச்சை நல்லா விடு. உடம்பைத் தளத்திக்கோ. சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான். ஆச்சு, ஆச்சு."

குழலை உருவினாள். நண்டு உள்ளே அழகாக உட்கார்ந்தது. நூல் நீளமாகக் கீழே தொங்கியது. கத்திரியை எடுத்தாள், கொஞ்சம் விட்டு நறுக்கினாள், கத்திரியைத் தட்டில் போட்டாள்.

"முடிஞ்சுது. எந்திரிச்சுக்கோ," என்றாள்.

ஜெசிந்தா மேசையிலிருந்து எதையோ விரல்நுனியில் ஒற்றி எடுத்தாள். ஆவுடையம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள்.

உருக்கி அடைத்த குமிழ்.

ஆவுடையம்மாள் அதையே பார்த்தாள். பிறகு கத்திரியைப் பார்த்தாள்.

"பாக்கெட்டு மேல எழுதிருவேன்," என்றாள். "நூலை நறுக்காதீங்கன்னு. பெரிய எழுத்துல."

"எழுதப்போறவங்க கையே கேக்கலையே."

"எனக்குத் தெரியும்ல? இனிமே நான் நறுக்க மாட்டேன்."

"உங்க ஊருக்கு மட்டுமா நண்டு?"

ஆவுடையம்மாளுக்குக் கோபம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, நீங்களே சொல்லுங்க. பல இழைன்னா ஏறுது. ஒத்தை இழைன்னா அறுபடுது. அங்கே ஒருத்தி உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மையும் தம்ளரும் வச்சு நீங்க என்கிட்டே வெளையாடுதீக."

ஜெசிந்தா இன்னொரு நண்டை எடுத்தாள். முறுக்கு நூலை அவிழ்த்துவிட்டு, தூண்டில் நரம்பு போன்ற ஒற்றை இழையைக் கட்டினாள். ஆவுடையம்மாளின் கையை எடுத்து நண்டை அதில் வைத்தாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

ஆவுடையம்மாள் விரல்களை மடக்கினாள்.

ஜெசிந்தா நூலை இழுத்தாள். பட்டென்று அறுந்தது.

திரும்பவும் கட்டினாள்.

"இப்போ லேசாப் பிடிங்க."

இழுத்தாள். நண்டு நூலோடு வந்துவிட்டது.

ஆவுடையம்மாள் விரலை விரித்துப் பார்த்தாள். முதலில் பிடித்த பிடியில் உள்ளங்கையில் கால்களின் தடம் சிவந்து கிடந்தது.

குறை நூலில் இல்லை, கால்களின் பிடியில். அந்தக் கால்களுக்காக அவள் எத்தனையோ வார்ப்பை உடைத்திருந்தாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் முதலில் காட்டியது அவற்றைத்தான்.

கத்திரியை எடுத்தாள். ஒரு காலை வெட்டினாள். அடுத்ததை வெட்டினாள். வெட்டி வெட்டித் தட்டில் போட்டாள். மொட்டையாக ஒரு துண்டு மிஞ்சியது.

"நழுவுமே டீச்சர்."

"சில பேருக்கு நழுவும்."

"சொர்ணத்துக்கு நழுவினா?"

ஜெசிந்தா அலமாரிச் சாவியை மேசையில் வைத்தாள். பழைய மாதிரிக் காப்பர்-டி அந்த அலமாரியில்தான் இருந்தது. சாவியை வைத்துவிட்டு அவள் வெளியே போய்விட்டாள்.

ஆவுடையம்மாள் மரத்தடிக்கு வந்தாள். மண்ணிலேயே சொர்ணத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நண்டு ரெடியா?" என்றாள் சொர்ணம்.

"நண்டு இல்லை. பழசுதான்."

சொர்ணத்தின் கை நின்றது. "பழசு விழுந்துதானே நான் இந்தக் கதிக்கு வந்தேன்?"

"ஆமா."

"உங்க சாமான் விழாதுன்னு சொன்னீகளே."

"விழாது. ஆனா அதோட நூல் வழியாக் கிருமி உள்ளே ஏறும். ஏறுதது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியும்போது உள்ளே எல்லாம் கெட்டிருக்கும். நீ கேட்ட பிள்ளை அப்புறம் இல்லை."

"பழசு விழுந்தா மட்டும் தெரியுமாக்கும்?"

"முகாம்ல வச்சாங்களே, நூலைத் தொட்டுப் பாருன்னு யாராவது சொன்னாங்களா?"

"நூல் ஒண்ணு இருக்குங்கதே நீங்க சொல்லித்தான் தெரியும்."

"அதோட நூல் ஒத்தை இழை. ஏற வழி கிடையாது. மாசாமாசம் தீட்டுக் குளிச்சு முடிச்சதும் கையைக் கழுவிட்டு, விரலை விட்டுத் தொட்டுப் பாரு. நுனி தட்டுப்பட்டா இருக்கு. தட்டுப்படலைன்னா, நீளம் கூடின மாதிரி இருந்தா, அன்னைக்கே ஓடி வா. அதுவரைக்கும் உங்க வீட்டுக்காரரைப் பக்கத்துல விடாதே, திண்டாடட்டும். காய்ச்சல், அடிவயித்து வலி வந்தாலும் வா. இப்போ உனக்குள்ள கிருமி எதுவும் இல்லைன்னு சோதிச்சாச்சு."

"தொட்டுப் பாக்க மறந்தேன்னா?"

ஆவுடையம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல இடம் இருந்தது.

"மறந்த நேரத்துல அது விழுந்துச்சுன்னா, உசுருக்கு ஆபத்துதான்."

சொர்ணம் சுளகை மடியிலிருந்து இறக்கினாள். புகையிலைத் தூளைத் தட்டிவிட்டாள். தன் வலதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்காகத்தானே அதைச் செஞ்சீக?"

"உனக்காகத்தான்."

"மனசு கஷ்டமா இருக்குமே."

"இருக்கு."

"இருக்கட்டும்," என்றாள் சொர்ணம். "விரல் என்கிட்டதானே இருக்கு."

எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

ஆவுடையம்மாள் கை கழுவப் போனாள்.